தொண்டை கட்டிய ஒலிபெருக்கி

அன்பு மகள் குருவிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சுகமாயிருக்க வேண்டும் என்ற நினைப்பாகவே இருக்கிறேன். நீ போனை எடுக்காததால்தான் கடிதம், அப்பா இதைப் படம்பிடித்து மாப்பிள்ளைக்கு அனுப்புவார்.

சிரிக்காமல் படி. பேருந்து நிலையத்தில் நீ கல்யாணத்துக்கு முன்னால் பதிவு செய்து கொடுத்த அறிவிப்புதான் இன்னும் ஓடுகிறது, நான் வேலை பார்க்கும் பொருள் பாதுகாப்பு அறைக்கு நேர் மேலேதான் ஒலிபெருக்கி. திங்கட்கிழமை காலையில் உன் குரல் கரகரத்தது, அதே ஒலிபெருக்கியில் அடுத்த அறிவிப்பைச் சொல்லும் ஆண் குரல் மட்டும் கணீரென்று வந்தது. எலெக்ட்ரீஷியன் ஏறிப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு, உங்க பொண்ணுக்குத்தான் தொண்டை கட்டிருச்சு போலக்கா என்று கிண்டலடித்தார். சாயங்காலம் மாப்பிள்ளை பேசினார், உனக்குக் காலையிலிருந்து தொண்டை வலி என்று. உடனே உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை.

தொண்டை கட்டினால் வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மைக் முன்னால் உட்காருகிற பழக்கம் உனக்கு. அந்த மாத்திரை டப்பாவை நீ கொண்டுபோனது எனக்குத் தெரியும், தொடாதே. பக்கத்து வீட்டு நர்ஸிடம் கேட்டேன், அந்த வகை மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, மாசம் ஏற ஏற ஆகவே ஆகாது, எதுவானாலும் டாக்டரைக் கேட்காம போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்துத் துப்பு, அடிக்கடி தண்ணீர் குடி, பேசாமல் இரு, உனக்கு அதுதான் கஷ்டம். காய்ச்சல் அடித்தாலோ விழுங்க முடியாவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ உடனே டாக்டரிடம் போ.

நேற்று அறிவிப்புக்கு நடுவில் எச்சில் விழுங்க முடியாமல் முனகுகிற சத்தம் கேட்டது. பதிவில் அப்படி எதுவும் கிடையாது. என்னைப் பைத்தியம் என்கிற உன் அப்பாவும், எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், அதைக் காதால் கேட்டார், அப்புறம் அவர் சாப்பிடவே இல்லை. இன்று எலெக்ட்ரீஷியன் கிண்டலை எல்லாம் விட்டுவிட்டு ஒயரை அறுத்து, ஒலிபெருக்கியைக் கழற்றி என் அறை மூலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அது இருமுகிறது. எனக்குப் பயமாயிருக்கிறது கண்ணு.

நீயும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். டப்பாவை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு டாக்டரிடம் கிளம்பு. அப்புறம் ஒரே ஒரு வார்த்தை போனில் பேசு, கரகரப்பாயிருந்தாலும் பரவாயில்லை, உன் வாயால் கேட்க வேண்டும்.

உன் அம்மா

இருமல் நின்றுவிட்டது. ஒண்ணே ஒண்ணு போட்டுக்கட்டுமாம்மா என்று உன் குரலில் கேட்கிறது. வேண்டாம் கண்ணு, ஒன்றுகூட வேண்டாம்.