மருமகனின் மரியாதை

கார்த்திகை 14, வெள்ளி

என் காதுகள் ஓய்வு பெற்றுவிட்டதை இன்னும் வீட்டில் அறிவிக்கவில்லை. உதடுகளைப் பார்த்தே உலகத்தை ஆண்டுகொண்டிருக்கிறேன். "கதைக்கிறவையின்ரை முகத்தைப் பாருங்கோ அங்கிள்," என்றாள் காது கிளினிக்கில் இருந்த பிள்ளை. மரியாதைக்கு மருந்து சொல்லவில்லை.

இன்று மருமகன் வந்தார். மாமனுக்கு மரியாதையாம், தலையைக் குனிந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஏதோ கேட்டார். ஓர் உதடுகூடத் தெரியவில்லை. சக்கரவர்த்தி போல, "ஓம் தம்பி, அப்பிடியே செய்யுங்கோ!" என்றேன்.

மகள் கண்கலங்கி ஓடிவந்து கட்டிப்பிடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "தாங்க்ஸ் அப்பா! நீங்கள் விடுவீங்கள் எண்டு நான் நினைக்கவேயில்லை."

எதற்கு விட்டேன்? மருமகனுக்குத் தூரத்துக் கல்கரியில் வேலை என்று போன மாதம் ஒரு பேச்சிருந்தது. பேரனையும் அங்கே கொண்டுபோகவா? அவன் போனால் நாங்கள் இருக்கிற இந்த ஸ்காபரோவே இடிந்து விழும்.

நாளை மருமகனைக் கூப்பிட்டு, மரியாதையை வாசலில் சப்பாத்தோடு கழற்றி வைத்துவிட்டு, முகத்தை நிமிர்த்திக் கேட்கச் சொல்லவேண்டும். ஏன் என்று கேட்பார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.