ஆற்று நடுவில் நின்ற படம்

கூப்பிட்ட குரலுக்கு உடனே ஓடி வரும் என் அண்ணே,

நம் லகாட் வீட்டில் எல்லாரும் சுகம். மழைக்கு முன்னால் மலைகள் கிட்டே வந்து நிற்கிற மாதிரி இருக்கும் அல்லவா, அந்தப் பிற்பகல் வேளையில்தான் இதை எழுதுகிறேன். கூடத்தில், என் பக்கத்தில், அம்மா படம் பார்த்துக்கொண்டிருக்கிறார். உன் கேம் கன்சோலில் அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காய்ச்சல் என்று நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு, நீயும் அம்மாவும் ஒரு பழைய படம் பார்த்தீர்கள். பாதியில் அம்மா தூங்கிவிட்டார். "மிச்சத்த அப்புறம் பாக்கலாம்லா, ம்மா" என்று நீ நிறுத்தினாய். திரையில் ஒரு ஜோடி, ஆற்று நடுவில், படகில்.

நீ திரும்பி வரவில்லை. எட்டு மாதமாக அம்மா தினமும் கன்சோலைப் போடுவார். வீடியோ ஆப்பில் உன் பெயருக்குக் கீழே அந்தப் படம் இருக்கிறதா என்று பார்ப்பார். அணைத்துவிடுவார். ஓட்டவும் மாட்டார், யாரையும் தொட விடவும் மாட்டார்.

போன மாதம் திரையில் ஓர் அறிவிப்பு: இந்தப் பழைய கன்சோலில் அந்த ஆப் இனி இயங்காது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அவன் நிறுத்துன எடம் போயிடுமாடி?"

ஈப்போவில் கன்சோல் பழுது பார்க்கும் செல்வி அக்காவிடம் தூக்கிக்கொண்டு போனேன். "பெட்டிய ஏன் தூக்கிட்டு வந்தே? இதுக்குள்ள படமே இல்லலா" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக விளக்கினார். படம் எங்கோ தூரத்துக் கணினிகளில், சில விநாடித் துண்டுகளாக இருக்கிறதாம். ஒன்றை நாம் பார்க்கும்போதே கன்சோல் அடுத்ததைக் கேட்டு வாங்கிவிடுமாம். இன்டர்நெட் லைன் மெதுவானால் மங்கலான துண்டு, வேகமானால் தெளிவான துண்டு. "அண்ணன் நிறுத்துன எடமும் அங்கதான் இருக்கு, அவரு பேருல. வேற கன்சோல்ல அவரு கணக்குக்குள்ள போனா, அங்கேருந்தே ஓடும்."

அவரிடமே கொஞ்சம் புதிய கன்சோல் ஒன்றை வாங்கி வந்தேன். உன் பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்? மறந்துவிட்டது என்று அழுத்தினேன். உன் ஃபோனுக்கு ஓர் எண் அனுப்புவதாகத் திரை சொன்னது. நல்லவேளை, உன் நம்பரை நான் விட்டுவிடவில்லை, மாதாமாதம் பணம் கட்டி வந்தேன். சார்ஜில் கிடந்த ஃபோன் ஒலித்தது, அண்ணே. மெசேஜுக்கு நீ வைத்திருந்த அதே நாதஸ்வரம். அம்மா ஈரக் கையோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

"யாருடி அவன கூப்பிடுறா?"

ஃபோனில் வந்திருந்த எண்ணை அவரிடம் காட்டினேன்.

அதைக் கன்சோலில் தட்டினேன். நீ தேர்ந்தெடுத்த மஞ்சள் பூனையோடு உன் பெயர் வந்தது. கீழே படகு.

ஆனால் முடித்துவிட்டால் அந்தப் படம் பாதியில் நின்றவற்றின் வரிசையிலிருந்து போய்விடும். அதையும் செல்வி அக்கா சொல்லியிருந்தார். அம்மாவிடம் மறைக்கவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"போடு. பாவம்லா, எத்தன நாளைக்கு அவங்கள ஆத்து நடுவுல உக்கார வச்சிருக்கிறது?"

முதலில் எல்லாம் மங்கல், காலைப் பனிக்குள் மலை தெரிகிற மாதிரி. பிறகு தண்ணீர் தெளிந்தது, துடுப்பு அசைந்தது. அம்மா என் கையைப் பிடித்தவர் கடைசி வரை விடவில்லை. அவர்கள் கரை சேர்ந்தார்கள், அண்ணே. கல்யாணமெல்லாம் இல்லை, ஒரு வாழைத்தோட்டத்துக்குள் நடந்து போகிறார்கள், அவ்வளவுதான். "இவ்ளோதானா?" என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தார். உனக்கு அந்த முடிவு பிடித்திருக்குமா?

இப்போது அம்மாவுக்கும் தனியாக ஒரு புரொஃபைல் இருக்கிறது. கன்ட்ரோலரில் எழுத்து எழுத்தாகத் தேடி, தன் பெயரை அவரே போட்டார். பக்கத்தில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. அதை யாரையும் எடுக்க விடமாட்டேன். ஞாயிறு வேலைக்குக் கூப்பிட்டால் இனி போகமாட்டேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். அம்மா தனியாகப் படம் பார்க்கமாட்டார். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு கன்ட்ரோலருக்குச் சண்டை போட்ட
உன் ஒரே தங்கச்சி,
கனகா