டேலியாவுக்கு இன்னும் உறைபனி வரல

வெர்மான்ட்,
அக்டோபர் 19

அன்புள்ள கர்ட்டிஸ்,

போன்ல பேசினா சண்டையில முடியுது, அதான் லெட்டர். கோவிச்சுக்காதே, இந்த வாரமும் கிளம்ப முடியல! உறைபனி விழுந்து இலை கருகினாதானே டேலியா பூச்செடியோட கிழங்கைத் தோண்டி எடுத்து வைக்கலாம்? அது முடிஞ்சதும் உங்கிட்ட வந்துடறேன்னு சொன்னேன், மாத்திப் பேசல. ஆனா இங்க டி-ஷர்ட் வெயில்டா! லைலாக் லூசு மாதிரி ரெண்டாவது தடவை பூத்திருக்கு. மேப்பிள் மரத்து இலை சிவக்கவே இல்ல, பழுப்பா தொங்குது. குட்டையில தவளை கத்துது!

உன் டெஸ்

ஃபீனிக்ஸ்,
அக்டோபர் 27

டெஸ்,

தவளை கெடக்கட்டும், நீ எப்போ? ஆகஸ்ட்ல தக்காளி முடியட்டும்னே. செப்டம்பர்ல ஆப்பிள். இப்போ டேலியா. நான் இங்க வேலைக்கு வந்த ஜூலையிலயே ரெண்டு தட்டு வாங்கினேன், உன்னோடது இன்னும் விலை ஸ்டிக்கரோட இருக்கு. பச்சையாவே தோண்டித் தொலை, தாயே!

கர்ட்டிஸ்

வெர்மான்ட்,
நவம்பர் 4

அன்புள்ள கர்ட்டிஸ்,

பச்சையா தோண்டினா குளிர்காலம் தாங்காது, அழுகிடும்! கல்யாண வருஷம் நீயே நட்டது, ஞாபகம் இருக்கா? நேத்து ஜாம் மேல குளவி உக்காந்துச்சு. நவம்பர்ல குளவி! ரோஜா வேற மொட்டு விட்டிருக்கு. வானத்தைத் திட்டு, என்னைத் திட்டாதே.

உன் டெஸ்

ஃபீனிக்ஸ்,
நவம்பர் 12

டெஸ்,

பக்கத்து வீட்டு வாலஸ் போட்டோ அனுப்பினான். "உன் பொண்டாட்டி ராத்திரி பனி படாம டேலியா செடிக்கெல்லாம் போர்வை போத்தித் தூங்க வைக்கிறா, தாலாட்டு ஒண்ணுதான் பாடல"ன்னு கிண்டல் வேற. அவன் பூசணிக்கொடி ஒண்ணாம் தேதியே கருகிடுச்சாம். இதுவரைக்கும் மூணு தடவை உறைபனியாம்! அந்த நீல பெட்ஷீட் நம்மளோடதுதானே? நான் முட்டாள் மாதிரி தினமும் வெதர் ஆப்பைத் திட்டிட்டு இருந்தேன். ஒரே கேள்வி. வர்றியா, வரலையா?

கர்ட்டிஸ்

வெர்மான்ட்,
நவம்பர் 30

கர்ட்டிஸ்,

நம்மளோடதுதான். வெயில் அடிச்சது நெஜம், தவளையும் நெஜம். முதல் உறைபனி வந்த அன்னிக்குத்தான் பொய் ஆரம்பிச்சேன். "நான் வரல"ன்னு எழுத நாலு தடவை உக்காந்தேன். நாலு தடவையும் பேனாவை வச்சிட்டு பெட்ஷீட்டைத் தூக்கிட்டுத் தோட்டத்துக்குப் போனேன்.

உன் லெட்டர் வந்த அன்னிக்குப் போத்தல. காலையில பார்த்தா எல்லாம் கருப்பு. நேத்து கிழங்கைத் தோண்டி, மரத்தூள்ல போட்டு, இங்கயே கீழறையில வச்சிட்டேன். மே மாசம் இங்கதான் நடுவேன்.

அந்த ரெண்டாவது தட்டை எனக்காக வச்சிருக்காதே, ஸ்டிக்கரைக் கிழிச்சிடு.

டெஸ்