மான்செஸ்டருக்கு ஓட்டில்லை

இன்று காலை பீளமேட்டில் என் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு கல்லூரிப் பெண் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். கண்ணாடி மேல் தாளைக் கவிழ்க்கும்போது நான்காவது கேள்வி கண்ணில் பட்டது. ‘பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் நாடாளுமன்றச் சீர்திருத்தம் எழக் காரணங்கள் யாவை?’ மூடியை மூட மறந்து பொத்தானை அழுத்திவிட்டேன். நீ இறந்துபோய் ஏழு மாதமாகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருவரும் மில்லில், நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில், பக்கத்துப் பக்கத்து மிஷினில் நின்றோம். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படிக்கலாம் என்று என்னையும் இழுத்துவிட்டவள் நீ. ஆளில்லாமல் வெறும் மேடாகிப்போன ஒரு பழைய ஊர் நாடாளுமன்றத்துக்கு இரண்டு பேரை அனுப்பியது, ஆலைகளால் பெருத்த மான்செஸ்டருக்கு ஒருவர்கூடக் கிடையாது என்று சாப்பாட்டு நேரத்தில் படித்ததும் சிரித்தாய்.

“ஏனம்மணி, நம்மூரைத்தானே தென்னாட்டு மான்செஸ்டர்ங்கறாங்க? அந்த மான்செஸ்டருக்கே ஓட்டில்லையாமா!”

அது சிரிப்போடு நின்றிருக்கலாம். நம் மில்லின் தொழிலாளர் கமிட்டியில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவுக்கு இரண்டு இடம். ஒரு காலத்தில் அங்கே நிறையப் பேர். அப்போது மிஞ்சியது மூன்றே பேர். பின்னால் வந்த நம் பிரிவில் நூறு பெண்களுக்கு மேல், ஓர் இடமும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் வெளியூர் ஆட்கள் வந்து நம் மிஷின்களை நாடா பிடித்து அளந்துபோனார்கள். வரிசையின் கடைசி மிஷினைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அடுத்த வாரம் அதற்கு முந்தையதை. நம் பிரிவை மூட நிர்வாகம் கமிட்டியிடம் கையெழுத்துக் கேட்கிறது என்று தெரிந்தபோது தார்ப்பாய் நமக்கு நாலு மிஷின் தள்ளி இருந்தது.

ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கமிட்டியில் இடம் வேண்டும் என்று நீ மனு எழுதினாய். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம், நானும்.

மேனேஜர் மிஷின்களை நிறுத்தி எல்லோரையும் முற்றத்துக்கு வரச்சொன்னார். நீ கல்யாணத்துக்குப் போவதுபோல நல்ல சேலையில் வந்திருந்தாய். மான்செஸ்டரில் சீர்திருத்தம் கேட்டுக் கூடியவர்களும் நல்ல துணி உடுத்தி, குழந்தை குட்டிகளோடுதான் போனார்கள். குதிரைப்படை வாளோடு அவர்கள் மேல் பாய்ந்தது. அதை நாம் சேர்ந்துதான் படித்திருந்தோம். உன் சேலையைப் பார்த்ததுமே நான் பின்வரிசைக்கு நகர்ந்தேன்.

மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. “மனுவைப் படிச்சனுங்க. இடம் வேணும்ங்கறவங்க கையத் தூக்குங்க. பேரை எழுதிக்கறோம்.” பக்கத்தில் குமாஸ்தா நோட்டைப் பிரித்தார்.

உன் கை மட்டும் எழுந்தது. நீ திரும்பிப் பார்க்கவில்லை. நான் என் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

மறுநாள் வாட்ச்மேன் உன்னை உள்ளே விடவில்லை. ரீலிங்கின் மூன்று பேருக்கான பிரதிநிதிகள் இருவர், நூறு பேருக்குமாகச் சேர்த்துக் கையெழுத்திட்டார்கள். தீபாவளிக்கு முன் நாங்கள் எல்லோரும் வெளியே நின்றோம்.

பிறகு தேர்வுக்குப் போன பேருந்தில்தான் உன்னைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீ பாடத்தைப் பேசினாய்.

“ஆளில்லாத தொகுதி, ரொட்டி வெலை, வேலையில்லாத கொடுமை, புதுசாக் காசு சேர்த்தவங்க கோவம், எல்லாம் ரொம்ப வருசமா இருந்ததுதானே? அப்பறம் எதுக்கு அப்ப மட்டும் மாத்துனாங்க? பிரான்சுல புரட்சி நடந்தாப்ல இங்கயும் நடந்துருமோன்னு மேல இருக்கறவங்க பயந்துபோட்டாங்க அம்மணி. நம்ம மில்லுல பயந்தது யாருன்னு மேனேஜருக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“எம்மேல கோவமா?”

“ச்சே, இல்ல கண்ணு.”

அன்று அதே கேள்விதான் வந்தது. நான் புத்தகத்தில் இருந்த காரணங்களை வரிசையாக எழுதித் தேறினேன். நீயும் தேறினாய், தேறிய பிறகும் பல்லடத்தில் விசைத்தறிக்குத்தான் போனாய். பொங்கலுக்குப் பொங்கல் பார்த்துக்கொண்டோம். முற்றத்தைப் பற்றி மட்டும் பேசவே இல்லை.

கோபமில்லை என்று நீ சொன்னதை நம்பியே இத்தனை வருடம் இருந்துவிட்டேன். அதைச் சொன்னபோது நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.