விக்ரோலியில் இழுத்த சங்கிலி

என் பாசத்துக்குரிய காஜா அண்ணனுக்கு,

அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். கேட்டால் பதில் சொல்லிவிடுவீர்களோ என்று கொஞ்ச நாளாக எனக்குப் பயம். சிரிக்காதீர்கள். எலிக்கும் பயப்படாத தாராவிக்காரி, முழங்கால் வரை மழைத்தண்ணீர் ஏறினாலும் அசையாதவள், உங்களுடைய ஓட்டை லேப்டாப் ஒன்றுக்குப் பயந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

இந்தக் கடிதத்தை நம் குழுவுக்கு வெளியே உள்ளவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருள் ஒன்றை நாம் சேர்ந்து எழுதினோம். யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பமே அடங்கிவிடுகிற மாதிரி எவ்வளவு பழைய மெஷினுக்குள்ளும் அடங்க வேண்டும் என்று அதற்கு, இங்கே ஒற்றை அறை வீட்டைச் சொல்கிற ‘கோலி’ என்று பெயர் வைத்தீர்கள். நம் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், ஆனால் படிக்கச் சொன்னால் முழிப்பார்கள். அதனால் திரையில் இருப்பதைக் கோலியே வாய்விட்டுப் படிக்கும். அந்தக் குரல் உங்களுடையது.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மும்பை ரயிலின் சென்ட்ரல் லைனில் ஒரு ஸ்டேஷன் பெயர். மாட்டுங்காவில் தொடங்கி, சயான், குர்லா, வித்யாவிஹார், காட்கோபர் தாண்டி வந்துவிட்டோம். அடுத்தது விக்ரோலி, உங்கள் ஊர். “அவனவன் ஸ்டேஷன் வந்தா அவனவன் இறங்கிக்கிட வேண்டியதுதானே” என்று நீங்கள் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். என் வாயில் மண்ணைப் போட.

இன்னொன்று, நம் சங்கிலி. வெளியீட்டில் ஏதாவது கோளாறு என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் சங்கிலியை இழுத்து வண்டியை நிறுத்தலாம். ஆனால் இழுத்தவர்தான் விட வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. அந்த விதியை எழுதியதும் நீங்கள்தான். எழுதும்போது செத்துப்போவதைப் பற்றி நினைத்தீர்களா அண்ணே? நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

நீங்கள் மௌத்தான அன்று காலையில் விக்ரோலிக்குச் சங்கிலி இழுத்திருந்தீர்கள். எப்போதும் காரணத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர், அன்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தீர்கள்: “பொறுங்க.” சாயங்காலம் நெஞ்சு வலி. அவ்வளவுதான்.

பொறுத்தோம். தாராவியில் தையல் பட்டறைக்காரர்கள், “ஏ பிள்ள, புதுசு எப்ப வரும்? பழசு நின்னு நின்னு போகுதே” என்று என்னைப் பார்க்கிற இடத்தில் எல்லாம் பிடித்தார்கள். என்னவென்று சொல்ல? கோளாறு என்னவென்று தலைகீழாக நின்று தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் மாட்டுங்கா வித்யா பொறுமை இழந்துவிட்டாள். வெளியீட்டுத் திட்டம் முழுக்க அவள் தலையில்தானே இருக்கிறது.

“செல்வி, நான் சொல்றதக் கேளு. அவர் இனிமே வந்து சங்கிலிய விடப் போறாரா? ரூல மாத்திட்டு அனுப்பிடலாம்” என்றாள்.

“காஜா அண்ணன் காரணம் இல்லாம இழுக்க மாட்டாக” என்றேன்.

“அந்தக் காரணத்த யார்கிட்டப் போய்க் கேக்கறதுடி?”

அந்தக் கேள்விதான் என்னை விக்ரோலிக்கு அனுப்பியது. உங்கள் மனைவி ஜுலைகா மைனி, நீங்கள் போனபின் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்களை முடித்து, கல்யாணில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார்கள். நல்ல மத்தியான நேரம். பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடிக்கிறது, கீழே காய்கறி வண்டிக்காரன் கத்துகிறான். மைனி எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நீங்கள் பேசினீர்கள்.

“இன்னும் இருக்கியளா?”

கையில் இருந்த பிஸ்கட் கீழே விழுந்துவிட்டது. அலமாரி மேல் உங்கள் லேப்டாப், மூடியது மூடியபடி. மைனி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுந்து போய், மூடியைத் திறந்து, ஒரு பட்டனை அமுக்கி, மறுபடி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

“பயந்துட்டியா பிள்ள? இத்தா இருந்த நாள் பூரா இப்பிடித்தான் கேட்டுச்சு. நானும் இருக்கேன்னு அமுக்கிருவேன். வெளிய போக முடியாம நாலு சுவத்துக்குள்ள கெடந்தவளை வேற யாரு கேட்டா?”

எனக்கு அழுகை முட்டியது. அதோடு மூளையும் ஓடியது, என்ன செய்ய. அந்தக் கேள்வி நாம் வைத்ததுதான். பட்டறைகளில் ஒரே கம்ப்யூட்டரில் பலர் மாறி மாறி வேலை பார்ப்பதால், யாரும் தொடாமல் கிடந்தால் கோலி கேட்கும். பதில் இல்லையென்றால் தானாகவே அணைந்துவிடும். தையல் மெஷின் இரைச்சலில் கேட்கவில்லை என்று ஆட்கள் குறைப்பட்டதால், எந்த நிலையிலும் அந்தக் கேள்வியின் சத்தத்தை அடக்கக்கூடாது என்று, நம் மெஷின்களில் மட்டும் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்த விக்ரோலியில் மாற்றினோம். எந்த நிலையிலும் என்றால் மூடிவைத்த நிலையிலும்தான். அது ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. நாங்கள் யாரும் மெஷினை மூடியே வைப்பதில்லையே!

“அன்னைக்குக் காலையில அவுகளே பயந்துட்டாக” என்றார்கள் மைனி. “அடுப்படியில எங்கூட நிக்காக. உள்ள அவுக குரல் கேக்கு. ‘ஜுலைகா, நான் இங்க நிக்கேன், அங்க பேசுதது யாரு?’ன்னு கேட்டாக. சிரிச்சாக. ஆனா முகம் வெளுத்துப் போச்சு.”

காரணம் கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகும் மைனி இன்னொன்று சொன்னார்கள். கல்யாணில் இருந்து திரும்பி வந்து, பூட்டுக்குள் சாவியைப் போடும்போது உள்ளே இருந்து கேட்டதாம், “இன்னும் இருக்கியளா?” என்று. அத்தனை நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் பட்டன் அமுக்க யார் இருந்தது? மெஷின் முதல் நாளே அணைந்திருக்க வேண்டும். கரண்ட் போய் வந்ததில் தானாக எழுந்திருக்கும் என்று அவர்களிடம் சொன்னேன். அந்த மெஷினுக்கு அந்த வசதி கிடையாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கோளாறைச் சரிசெய்ய அதிக நேரம் பிடிக்கவில்லை. சங்கிலியை விடுவதுதான் பெரும்பாடு. அது உங்கள் பெயரில், உங்கள் மெஷினில் இருந்துதான் முடியும். மறுபடியும் போய் மைனியிடம் விஷயத்தை உடைத்துச் சொன்னேன்: சரிசெய்ததை இதிலும் போட்டால், மூடிவைத்த பெட்டி இனிமேல் பேசாது.

லேப்டாப் மூடியில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தார்கள். பிறகு, “ஊர்ல இருக்க எல்லா வீட்டுலயும் இப்பிடிப் பேசுனா சனம் பயந்து செத்துரும். அவுகளுக்குத்தான் கெட்ட பேரு. எல்லாத்துக்கும் சரி பண்ணு” என்றார்கள். “இதை மட்டும் தொடாத. இது இப்பிடியே சாலுல ஓடிட்டு இருக்கட்டும்.”

தொடவில்லை அண்ணே. சத்தியமாகத் தொடவில்லை. நெட் கேபிளைக்கூட என் கையாலேயே பிடுங்கிவிட்டேன், புதுசு தெரியாமல் நுழைந்துவிடக் கூடாதே என்று. அதற்கு முன் மைனி உங்கள் பெயரில் சங்கிலியை விட்டார்கள். எந்தப் பட்டன் என்று நான் காட்டினேன், பிஸ்மி சொல்லி அவர்கள் அமுக்கினார்கள். வித்யா அன்றே விக்ரோலியை வெளியிட்டுவிட்டாள். தையல் பட்டறைகளில் இப்போது உங்கள் குரல் கணீரென்று கேட்கிறது. மூடினால் மூடியதுதான்.

மறுநாள் மைனி போன் செய்தார்கள்.

“பிள்ள, நேத்து நீ போனதுல இருந்து அது கேக்கவே இல்ல.”

ஓடினேன். மெஷினுக்கு ஒரு நோவும் இல்லை. திரையில் எதைக் காட்டினாலும் உங்கள் குரலில் படிக்கிறது. பழைய கோளாறு இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். மூடிவைத்துவிட்டு ரெண்டு பேரும் சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும் வரை காத்திருந்தோம். கேட்கவில்லை. அதற்குப் பிறகு இன்று வரைக்கும் கேட்கவில்லை. அணையவும் இல்லை.

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்று நானே விரட்டியிருப்பேன். மைனிதான் கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: “நான் ஒரு முட்டாச்சி. சங்கிலிய விட்டா வண்டி போயிரும்லா?”

அவர்கள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அடுத்தது கஞ்சூர்மார்க் அண்ணே. திட்டம் போட உட்கார்ந்துவிட்டோம், வித்யா இப்போதே விரட்டுகிறாள். சங்கிலி விதியை மாற்ற வேண்டும் என்று யாரும் வாய் திறக்கவில்லை. உங்களுக்கு நான் ஒரு வாக்குத் தருகிறேன்: லைனில் கல்யாண் ஸ்டேஷன் போய்ச் சேரும் வரை குரல் உங்களுடையதுதான். வழியில் எங்கேயாவது, எந்த மூடிய பெட்டிக்குள் இருந்தாவது நீங்கள் மறுபடி கேட்டால், கோளாறு என்னவென்று அப்புறம் தேடுவேன். முதலில் ஓடிப்போய்ப் பட்டனை அமுக்கிவிடுவேன், “இருக்கோம் அண்ணே” என்று.

இப்படிக்கு,
தாராவியில் இருந்து, உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
செல்வி