பேசாத பத்து நொடி

செவ்வாய்க்கிழமை
வானொலி நிலையம்

அன்புள்ள நிருபர் அம்மாவுக்கு,

உன் பதிவுகளை வெட்டி ஒட்டுகிற கத்திரிக்கோல் எழுதிக்கொள்வது. நானும் சின்னவளும் நலம். உன் நலத்தைத் தினமும் காலை ஏழே காலுக்கு ஊர் உலகமே கேட்கிறது. உன்னைக் கட்டியவன் நான் மட்டும்தான் நம்ப மாட்டேன் என்கிறேன். அங்கே வெள்ளத்தில் செல்போன் கோபுரம் சாய்ந்த பிறகு உன் பதிவுகளைக் கொண்டுவருகிற ஜீப் டிரைவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, பள்ளிக்குப் போகிறாள். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. பிளம்பர் நாளை நாளை என்கிறார். உன் அம்மா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, "குரல் தெளிவா இருக்கு, நல்லாத்தான் சாப்பிடுறா" என்கிறார்.

இருபது வருடத்துக்கு முன், நீ பயிற்சிக்கு வந்த முதல் வாரம், பேட்டி முடிந்ததும் மைக்கை அணைத்துவிட்டு வந்தாய். நான் கத்தினேன். எங்கே பதிவு செய்தாலும் கடைசியில் பத்து நொடி வாயைத் திறக்காமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பிடித்து வா, வெட்டிய இடத்தை ஒட்ட எனக்கு அது வேண்டும் என்றேன். அழுதாய். அதன் பிறகு சந்தையோ, தீ விபத்தோ, தேர்தலோ, ஒருநாளும் மறந்ததில்லை. செய்தி ஆசிரியர் நாற்காலி தேடி வந்தபோதுகூட, "உட்கார்ந்தா துருப் பிடிச்சிடும்" என்று மைக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் நீ.

சனிக்கிழமைப் பதிவிலும் பத்து நொடி இருந்தது. ஒரு குழந்தை அழுகிறது, பாத்திரம் உருளுகிறது. மேட்டுப் பள்ளிக்கூடத்து முகாமில் இருக்கிறாய் என்று நிம்மதியானேன். ஞாயிற்றுக்கிழமையும் நேற்றும் வந்ததில் அது இல்லை. கூட வந்த துண்டுச் சீட்டில் மட்டும், "பள்ளிக்கூடத்துலதான் இருக்கேன், கவலைப்படாதே" என்று எழுதியிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய்.

ஹெட்போனை மாட்டி, ஒலியைக் கூட்டி, உன் வாக்கியங்களுக்கு நடுவே கேட்டேன். தண்ணீர். காலுக்குக் கீழே இரைகிற தண்ணீர். விரிசல் விட்டிருக்கிறது என்று நீயே செய்தி சொன்ன அந்த அணையின் மேல்தான் நின்று பேசுகிறாய்.

உன் அம்மா கேட்பாரே என்று அந்த இரைச்சலை அமுக்கிவிட்டுத்தான் ஒலிபரப்பக் கொடுத்தேன். என் காதிலிருந்து அதை எடுக்கத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கேட்கிற ஆளா நீ? ஒன்றே ஒன்றுதான். இது கையில் கிடைத்ததும் மேட்டுக்கு ஏறிப் போ. பள்ளிக்கூட வாசலில் நின்று மைக்கைப் போடு. செய்தி வேண்டாம், எனக்கென்று ஒரு வார்த்தைகூட வேண்டாம். அந்தக் குழந்தை அழட்டும், பாத்திரம் உருளட்டும், நீ பத்து நொடி சும்மா நில். அதை மட்டும் நான் எதிலும் வெட்டி ஒட்ட மாட்டேன்.

நல்லபடியாக இரு.

டிரைவருக்காகக் காத்திருக்கும்
உன் கத்திரிக்கோல்