ரேவதி பந்தின் கட்டைவிரல் ஓட்டை

8-12-97, திங்கள்
காலையில் பனி. ஏழெட்டு உதைக்குப் பிறகுதான் ஸ்கூட்டர் கிளம்பியது.
மண்டி மொஹல்லாவில் வாங்கியது: இரண்டு டியூப் கலக்கும் பசை, எமரித் தாள், அரைவட்ட அரம். சரோஜா சொன்ன அவரைக்காய் மறந்துபோச்சு. அவள் முகம் சரியில்லை.
ரேவதி வேலை பார்க்கும் ரிசார்ட்டில் பௌலிங், அதாவது பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம், ஆடும் பெரியவர் ஒருவர், ஆட்டத்தை விட்டுவிட்டுத் தன் பந்தை இவளிடம் கொடுத்துவிட்டாராம். நீல நிறம், நல்ல கனம். விரல் விட மூன்று ஓட்டை. அவர் விரல் வாழைக்காய். பழைய ஓட்டைகளை அடைத்து, என் பெண் விரலுக்குப் புதிதாகப் போட வேண்டும். ஞாயிறு பெங்களூரில் ஜூனியர் அணித் தேர்வு. அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும், இதுதான் கடைசி. பெங்களூர் கடையில் கொடுத்தால் பத்து நாள் ஆகுமாம். கடை எதற்கு? இத்தனை வருஷம் ஃபேக்டரி டூல்ரூமில் நான் என்ன கிழித்தேன்?

9-12, செவ்வாய்
நேற்று ராத்திரி பழைய ஓட்டைகளில் அடைத்த பசை நன்றாக இறுகிவிட்டது. ராவி, தேய்த்து, மட்டப்படுத்தினேன். பந்து உருளாமல் இருக்க இட்லிக் குண்டானில் சும்மாடு போட்டு அதன்மேல் வைத்தேன். சரோஜா: "இனி இதுல யாரு இட்லி திம்பாங்க?"
விடிந்ததும் விடியாததுமாக ரேவதியை எழுப்பி விரல்களை வெர்னியரில் அளந்தாயிற்று. குளிரில் அவள் கையை இழுத்துக்கொண்டாள். அசையாதே என்றேன்.

10-12, புதன்
ஷிப்ட் முடிந்து வந்து ஓட்டை போட்டேன். விரலுக்கும் ஓட்டைக்கும் நடுவே தாள் நுழையாது. அப்படி ஒரு வேலை.
"ஸ்வல்ப டைட்டா இருக்குப்பா."
"அதுதாம்மா ஃபிட். லூசா இருந்தா ஆடும்."
தலையாட்டினாள்.

11-12, வியாழன்
நல்ல வெயில். கேன்டீனில் நாலு பேரிடம் பெருமையடித்தேன்.
சாயங்காலம் பழகிவிட்டு வந்தாள். எப்படி என்றேன். "பரவால்லப்பா." இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டாள். மகாராணி என்று கிண்டல் செய்தேன்.

12-12, வெள்ளி
சரோஜா சமையலறைக்குக் கூப்பிட்டாள். "ஏனுங்க, அவ கட்டைவிரலப் பாத்தீங்களா? பந்து கைய விட்டுப் போகலையாம். விரலயும் சேத்து இழுத்துருச்சாம். அப்பாகிட்ட சொல்லாதேன்னா."
பார்த்தேன். கத்திரிக்காய் நிறம்.
முதலில் கோபம்தான் வந்தது. "நீ போடுற விதம் தப்பு" என்று கத்தினேன்.
ஆட ஆட விரல் வீங்கும். பந்து கையை விட்டுப் போக வேண்டிய சாமான். நான் மெஷினுக்குத் தண்டு மாட்டுகிற மாதிரி போட்டிருக்கிறேன். அளந்ததும் குளிரில், விரல் சுருங்கியிருந்தபோது. முட்டாள்.

13-12, சனி
டாக்டர்: தசைநார் பிய்ந்திருக்கிறது, மூன்று வாரம் கட்டு. நாளைக்குத் தேர்வு என்றேன். நிமிராமல் மருந்துச் சீட்டு எழுதினார்.
ஆட்டோவில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தேவராஜ மொஹல்லா நெரிசலில் ரொம்ப நேரம் நின்றது.

14-12, ஞாயிறு
பெங்களூர் ரயில் போயிருக்கும். ஒரு கையால் பின்ன முடியாததால் சரோஜா அவளுக்கு ஜடை போட்டுவிட்டாள்.
எனக்குச் சும்மா உட்கார முடியவில்லை. கட்டைவிரல் ஓட்டையை ராவிப் பெரிதாக்கினேன். விளிம்பை மழுக்கினேன். தூசியை ஊதி, துடைத்து, அவளிடம் கொண்டுபோனேன். மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையை என் முன்னால் நீட்டினாள்.
"இப்ப யாரு விரலுக்குப்பா அளவெடுத்தீங்க?"